உரோமாபுரி இளவரசனும் கூரையில்லாத கோயிலும்



பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம் எங்கள் ஆண்டு 4 மாணவர்களைக் கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்திக்கு அழைத்துச் சென்றிருந்தோம். புக்கிட் ரோத்தானில் வாழும் எங்களுக்கு அந்தக் குன்று கொல்லைப்புறம் போன்றது. பேருந்தில் ஏறி மாணவர்கள் இரண்டு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கலங்கரை விளக்கம், அரச கல்லறைகள், கடலை நோக்கி வாய் பிளந்து நிற்கும் பழைய பீரங்கிகள், நம் கையில் உள்ள கச்சான் பொட்டலத்தையே குறிவைக்கும் குரங்குகள் என்று பிள்ளைகளுக்கு அங்கே பொழுது போவது தெரியாது.

பீரங்கி ஒன்றின் மீது கைவைத்து நின்ற ஒரு மாணவன் என்னைக் கேட்டான்.

"ஐயா, இந்தப் பீரங்கிய வச்சுத்தான் ரோமன் ராஜாவோட கப்பலச் சுட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கிருந்து இந்தச் செய்தியைப் பெற்றாய் என்று வினவினேன். வீட்டில் அப்பாவுடன் ஒரு படம் பார்த்தானாம். உரோமாபுரி இளவரசன் கப்பலில் கெடாவுக்கு வருகிறானாம், பெரிய சண்டை நடக்கிறதாம். இந்தக் குன்றும் கடலோரம், அந்தப் படத்திலும் கடலோரம். பத்து வயதுப் பிள்ளை இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டான்.

அவன் பார்த்தது எந்தப் படம் என்பது எனக்கு உடனே விளங்கிற்று. 2011-ஆம் ஆண்டு மார்ச் மாதம், கே.ஆர்.யூ. நிறுவனத்தின் தயாரிப்பில், யுஸ்ரி அப்துல் ஹலிம் இயக்கத்தில் வெளிவந்த 'ஹிக்காயாட் மெரோங் மஹாவங்சா' என்னும் மலாய்ப்படம் அது. கதை கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் நடப்பதாகக் காட்டப்படுகிறது. உரோம இளவரசன் ஒருவனுக்கும் சீன இளவரசி ஒருத்திக்கும் திருமணம். அவனை வழிநடத்திச் செல்லும் மாலுமி வீரன் மெரோங் மஹாவங்சா. இடையில் கடற்கொள்ளையர், மந்திரம், போர். படம் விறுவிறுப்பானது. நானும் இரசித்துத்தான் பார்த்தேன்.

ஆனால், இப்படத்திற்கு மூலமாகிய கெடா மலாய் வரலாற்று ஏட்டில் உரோமாபுரி இளவரசன் உண்மையில் இருக்கிறானா? ஏட்டில் இருப்பவர் 'ராஜா ரூம்'. மலாய் ஏடுகளில் 'ரூம்' என்ற சொல் அரபு, பாரசீக வழக்கிலிருந்து வந்தது. கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு உரோமப் பேரரசையும், பின்னாளில் அதே நகரை ஆண்ட துருக்கி சுல்தான்களையும் அச்சொல் குறித்தது. ஏட்டை எழுதியவர் மனத்தில் இருந்தது துருக்கி மன்னரைப் போன்ற ஒருவராக இருக்கலாமே தவிர, இத்தாலி நாட்டுச் சீசராக இருக்க வாய்ப்பில்லை. ஏட்டில் அந்தத் திருமணத்தைத் தடுப்பதாக நபி சுலைமானிடம் சவால் விடுவது கருடப் பறவை. படத்திலோ அக்கருடன் கொள்ளையர் கூட்டமாகிவிட்டது. 'ரூம்' ரோம் ஆகிவிட்டது. பறவையை மனிதராக்கியது எல்லாருக்கும் தெரியும்படி செய்த மாற்றம். ஓர் எழுத்தை நீட்டிச் செய்த மாற்றம்தான் யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது. நம்முடைய 'யவனர்' என்ற சொல்லும் இப்படித்தான். கிரேக்கரா, உரோமரா, மேற்காசியரா என்று இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

உரோமர்களைப் பற்றிப் படமெடுத்துத் தடுமாறியவர்கள் நம் நாட்டார் மட்டுமல்லர். உரோமர்களின் எல்லைச் சுவரே கண்முன் நிற்கும் பிரிட்டனைப் பற்றிய படங்களிலும் இதே கதைதான்.

கி.பி. 122-ஆம் ஆண்டில் பேரரசர் ஹேட்ரியன் வட பிரிட்டனில் கடலுக்குக் கடல் ஒரு சுவர் எழுப்பத் தொடங்கினார். நீளம் ஏறத்தாழ 117 கிலோமீட்டர். அதன் சிதைவுகளை இன்றும் நடந்து பார்க்கலாம். 1991-இல் வந்த இராபின் ஹூட் படத்தில் நாயகன் தென்கோடியில் டோவர் கடற்கரையில் இறங்கி, நாட்டிங்காமில் உள்ள தன் வீட்டுக்குப் போகிறான். போகும் வழியில் இந்தச் சுவரருகே ஒரு சண்டை! சுவர் இருப்பதோ நாட்டிங்காமைத் தாண்டி வடக்கே வெகுதொலைவில். ஜொகூரில் இறங்கிக் கோலாலம்பூருக்குப் போகிறவர் வழியில் பினாங்குப் பாலத்தில் நின்று சண்டை போட்டது போல! அக்காட்சியில் வந்த ஒற்றை மரம் அதனால் உலகப் புகழ் பெற்றது. 2023 செப்டம்பரில் இரவோடிரவாக வெட்டிச் சாய்க்கப்பட்டது அந்த மரம்தான். 2004-இல் வந்த ஆர்தர் மன்னர் படமோ, உரோமப் படை கி.பி. 467-இல் அச்சுவரைவிட்டு வெளியேறுவதாகக் காட்டுகிறது. பிரிட்டனில் உரோம ஆட்சி 410-ஐ ஒட்டியே முடிந்துவிட்டது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி.

ஆண்டுப் பிழை, ஊர்ப் பிழை இவற்றைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்பேன். என்னை உறுத்துவது வேறு. இப்படங்களைப் பார்த்தால் எல்லைச் சுவரில் நின்றவர்கள் எல்லாரும் உரோம் நகரத்திலிருந்து வந்த, சிவப்புப் போர்வை அணிந்த வீரர்கள் என்று தோன்றும். கிடைத்த சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. சுவருக்குச் சற்றுத் தெற்கே விண்டோலண்டா என்ற கோட்டை உண்டு. 1973 முதல் அங்கே சேற்றுக்குள்ளிருந்து மெல்லிய மரப்பட்டிகள் வெளிவந்தன. மையால் எழுதப்பட்ட கடிதங்கள்! அவற்றுள் ஒன்று ஓர் அதிகாரியின் மனைவி தன் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைக்கும் மடல். இன்னொன்று, காலுறையும் உள்ளாடையும் அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. குளிரில் நடுங்கிய அந்தப் படையினர் இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். சிரியா நாட்டு வில்லாளர்களும் அந்த எல்லையில் இருந்திருக்கின்றனர்.

சவுத் ஷீல்ட்ஸ் என்ற இடத்தில் கிடைத்த ஒரு கல்லறைக் கல்லைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். பாராத்தேஸ் என்பவன் சிரியாவின் பல்மைரா நகரத்தான். அவன் மனைவி ரெஜினா பிரிட்டன் நாட்டுப் பழங்குடிப் பெண். முன்பு அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள். முப்பது வயதில் இறந்துபோனாள். அவளுக்குக் கல் நாட்டியவன் ஆட்சிமொழியான இலத்தீனில் முறைப்படி சில வரிகளைப் பொறித்தான். இலத்தீன் வரிகளில் பிழைகள் இருக்கின்றன. கீழே தன் தாய்மொழியான பல்மைரா எழுத்தில் ஒரே ஒரு வரி. அந்த வரி மட்டும் தடுமாற்றமின்றிச் செதுக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் தோட்டத்துக் கல்லறைகளைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் புத்தகத்தை மூடினேன் என்பது விளங்கும். என் பாட்டனாரின் கல்லறையிலும் சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே ஆணியால் எழுதிய தமிழ் எழுத்துகள் உண்டு. பெயர், ஊர், மறைந்த நாள். எந்தத் திரைப்படமும் பாராத்தேசைப் பற்றியோ என் பாட்டனாரைப் பற்றியோ எடுக்கப்படவில்லை. எடுத்தாலும் ஓடாது என்பது வேறு.

சரி, மாணவனின் கேள்விக்கு வருவோம். உரோமர்கள் இந்தப் பக்கம் வந்தார்களா?

வந்ததற்கான தடங்கள் உண்டு. ஆனால் மிக மெல்லிய தடங்கள். கி.பி. 166-இல் உரோம மன்னரிடமிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டு சிலர் கடல்வழியாக இன்றைய வியட்நாம் பகுதிக்கு வந்து சீனப் பேரரசரைக் கண்டதாகச் சீன ஏடுகள் கூறுகின்றன. அவர்கள் உண்மையான தூதர்களா, தூதர் என்று சொல்லிக்கொண்ட வணிகர்களா என்பதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. தென் வியட்நாமின் ஓக் இயோவில் 1944-இல் பிரெஞ்சு அறிஞர் மாலரே செய்த அகழாய்வில், உரோம மன்னர் அந்தோனினஸ் பயசின் உருவம் பதித்த பொற்பதக்கம் கிடைத்தது. ஆனால், பதக்கம் வந்தால் அதைக் கொண்டுவந்தவரும் உரோமர்தான் என்று ஆகிவிடாது. என் சட்டைப்பையில் உள்ள பேனா சப்பானில் செய்தது. நான் சப்பானுக்குப் போனதில்லை.

இந்த வேறுபாட்டை நமக்குக் கற்பித்த ஊர் நம் அரிக்கமேடு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அவ்விடத்தை 1945-இல் அகழ்ந்தவர் மார்ட்டிமர் வீலர். இவர் யார் தெரியுமா? வேல்ஸ் நாட்டில் உரோமர்களின் எல்லைக் கோட்டைகளைத் தோண்டிப் பெயர் பெற்றவர். அரிக்கமேட்டில் இத்தாலிய மண்கலங்களின் உடைசல்களைக் கண்டதும், இதை உரோமர்களின் வாணிக நிலையம் என்றே அவர் கருதினார். உரோமப் பேரரசின் எல்லைக்கு அப்பால் உரோமர் சென்ற இடங்களைப் பற்றி 1954-இல் ஒரு நூலே எழுதினார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடியும் தோண்டினார்கள். உரோமப் பொருள்கள் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, மக்கள் கடல் வாணிகம் செய்தார்கள் என்பது தெளிவாயிற்று. உரோமர் வந்து உண்டாக்கிய ஊர் அன்று அது. உரோமர் வந்து சேர்ந்த ஊர். வீலர் பெரிய அறிஞர். தாம் தேடியதைத் தாமே கண்டுபிடித்துக்கொண்டார்.

தேடியதையே கண்டுபிடிக்கும் நோய் எனக்கும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

2015-இல் வேறொரு பள்ளியில் பணியாற்றியபோது மாணவர்களை அழைத்துக்கொண்டு கெடா, மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். சுங்கைப் பட்டாணியில் இடியாப்பம் உண்டுவிட்டு, நல்ல உற்சாகத்தோடு போய் இறங்கினோம். குனோங் ஜெராய் மலையடிவாரத்தில், சலசலக்கும் ஓடைக்கு மேலே, புக்கிட் பத்து பகாட் சண்டி. கருங்கல் அடித்தளம், படிகள், தூண்களைத் தாங்கிய கற்கள். என் நெஞ்சு விம்மியது. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, "கடாரம் கொண்டான் இராசேந்திர சோழன் கட்டிய கோயில் இது" என்று முழங்கினேன். கப்பற்படை, யானைகள், போர்முரசு என்று அரை மணி நேரம் பேசினேன். நான் வருணித்த கோபுரம் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

அறிவிப்புப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி மெல்லச் சொன்னாள்: "ஐயா, இதுல அந்த ராஜா பேரே இல்லியே."

மறைத்துவிட்டார்கள் அம்மா என்று பதில் சொன்னேன். பேருந்தில் திரும்பும்போதெல்லாம் அந்தப் பதில் தொண்டையில் முள்ளாக நின்றது. வீடு திரும்பியபின் நூல்களைத் தேடிப் படித்தேன். மறைத்தவர் எவருமில்லை. மிகைப்படுத்தியவன் நான்தான்.

உண்மை இதுதான். அப்பகுதியின் இடிபாடுகளைப் பற்றி முதலில் எழுதியவர்களுள் ஒருவர் கர்னல் ஜேம்ஸ் லோ. (மெரோங் மஹாவங்சா ஏட்டை 1849-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் இவரே.) 1930-களில் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் பள்ளத்தாக்கில் பல இடங்களை அகழ்ந்தனர். புக்கிட் பத்து பகாட் சண்டியை 1950-களின் இறுதியில் அலஸ்டர் லாம்ப் முழுமையாக ஆய்ந்து, சிதறிய கற்களை மீண்டும் அடுக்கி நிறுத்தினார். அடித்தளத்தில் கற்பேழைகள் கிடைத்தன. கோயிலின் காலத்தை வேல்ஸ் பல்லவர் காலத்தோடு தொடர்புபடுத்தினார். லாம்ப் அதற்குப் பிந்தியது என்றார். கட்டுவித்த மன்னனின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு அங்கே கிடைக்கவில்லை. தமிழகக் கட்டடக்கலையின் சாயல் இருக்கிறது; உள்ளூர் முறையும் இருக்கிறது. தூண்கள் மரத்தால் ஆனவை. மழைநாட்டு மண்ணில் அவை மக்கிப்போயின. கூரை எப்படி இருந்தது என்பதற்குக் கல்லில் சான்று இல்லை. எனவே, லாம்ப் கூரை போடவில்லை. கற்கள் எதுவரை சாட்சி சொன்னனவோ அதுவரை அடுக்கிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

திரைப்பட இயக்குநரால் அப்படி நிறுத்த முடியாது. கதாநாயகன் கோயிலுக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே ஏதாவது இருந்தாக வேண்டும். அதற்காக நான் இயக்குநர்களைக் குறை சொல்வதில்லை. ஆசிரியனாகிய நான் ஏன் கூரை போட்டேன்? அதுவும் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்து!

இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றும் இழப்பு ஒன்று உண்டு. நம்மவர் கூட்டங்களில் பேசுபவர்கள் பலரும் நான் பேசியது போலவே பேசுகின்றனர். 'பொன்னியின் செல்வன்' படங்கள் 2022-லும் 2023-லும் வந்தபின் அந்த முழக்கம் இன்னும் கூடியிருக்கிறது. கேட்பவர் ஒருவர் எழுந்து, கல்வெட்டு எங்கே என்று ஒரு கேள்வி கேட்டால் பேச்சு முழுதும் சரிந்துவிடும். அதோடு, நம் கையில் உள்ள உண்மையான சான்றுகளையும் அவர் நம்பமாட்டார். அச்சான்றுகளோ, கோபுரம் எதுவும் தேவைப்படாத அளவுக்கு வலுவானவை.

தென் தாய்லாந்தில், கிராபி மாநிலத்தின் குளோங் தோம் என்ற இடத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஓர் உரைகல் கிடைத்தது. பொற்கொல்லர் பொன்னை உரைத்துப் பார்க்கும் கல். அதில் தமிழி எழுத்தில், இது இன்னாருடைய கல் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆளைப் 'பெரும்பதன்' என்று படித்திருக்கிறார்கள். காலம் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. இராசேந்திரனின் கடற்படை புறப்படுவதற்கு ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்பே, பிழைப்புத் தேடி வந்த ஒரு தட்டார் தம் கருவியில் தம் மொழியில் பெயர் எழுதி வைத்திருக்கிறார். சுமாத்திராவின் பாரூஸ் அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகர் குழுவைப் பேசுகிறது.

1025-இல் இராசேந்திரன் கடாரத்தை வென்றதும் உண்மை; தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. வென்ற இடங்களின் வரிசையில் இலங்காசோகமும் வருகிறது. மெரோங் மஹாவங்சா நிறுவியதாக மலாய் ஏடு கூறும் அதே லங்காசுகாதான் அது. ஆனால், அப்போருக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது என்ன? கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்பினார். இராசேந்திரனின் தந்தை இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே வழங்கினார். ஆனைமங்கலச் செப்பேடு இதைக் கூறுகிறது. நட்பு, கொடை, பிறகு போர், பிறகும் வாணிகம். இதை முழுதாகச் சொன்னால் என் வகுப்பில் மலாய் நண்பர் ஒருவர் வந்து அமர்ந்திருந்தாலும் நான் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை.

இடிபாடுகள் என்னவோ நாம் சண்டை போட்டு முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. பூஜாங் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்செய்தபோது இடிக்கப்பட்டுவிட்ட செய்தி 2013-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியாயிற்று. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டதாகக் கருதப்பட்ட அடித்தளம். தனியார் நிலத்தில் இருந்தது. பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் பதியப்படாமல் இருந்தது. மண்வாரி இயந்திரத்திற்கு அது மற்றுமொரு செங்கல் குவியல்.

இனி, புக்கிட் மெலாவத்தி. பீரங்கிமீது கைவைத்திருந்த மாணவனை அருகே அமரவைத்துச் சொன்னேன். இங்கே வந்தவர்கள் உரோமர் அல்லர், உலாந்தாக்காரர்கள். 1784-இல் சுல்தான் இப்ராகிமிடமிருந்து இக்குன்றைப் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரைச் சூட்டினார்கள். மறு ஆண்டே சுல்தான் மீட்டுக்கொண்டார். 1871-இல் ஆங்கிலேயரின் 'ரினால்டோ' போர்க்கப்பல் கோலசிலாங்கூர்க் கோட்டைகளைச் சுட்டது. கலங்கரை விளக்கம் 1907-இல் வந்தது. தலைவெட்டும் கல் என்றும் நச்சுக்கிணறு என்றும் மேலே காட்டுகிறார்களே, அவை வாய்மொழியாக வந்த கதைகள். கதை என்று தெரிந்தே கேட்டுக்கொள் என்றேன். அவனுக்குச் சற்று ஏமாற்றம்தான். உலாந்தாக்காரர்களைப் பற்றி இன்னும் யாரும் படமெடுக்கவில்லையே!

மறுநாள் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். பார்த்து வந்த ஓர் இடத்தை வரையுங்கள். கண்ணால் கண்டதைப் பேனாவால் வரைய வேண்டும். இப்படி இருந்திருக்கும் என்று நினைப்பதைப் பென்சிலால் வரைய வேண்டும். இரண்டையும் கலக்கக்கூடாது.

அந்த மாணவன் பேனாவால் பீரங்கியை வரைந்தான். எதிரே கடலில், பென்சிலால், உரோமாபுரிக் கப்பல். "பென்சில்லதானே ஐயா வரைஞ்சிருக்கேன்" என்று முந்திக்கொண்டு சொன்னான். மதிப்பெண் கொடுக்காமல் என்ன செய்வது?

பின்வரிசை மாணவி ஒருத்தி மெலாவத்தியை வரையவில்லை. அவள் பாட்டி வாழ்ந்த தோட்டத்து லயத்தை வரைந்திருந்தாள். நீண்ட கூரை, திண்ணை, வேப்பமரம், கோயில், எல்லாம் பென்சிலில். தோட்டம் விற்கப்பட்டு வீடுகள் இடிக்கப்பட்டபோது அவள் பிறந்திருக்கவில்லை. படத்தின் மூலையில் ஒரு கிணறு மட்டும் அழுத்தமான நீல மையில் இருந்தது.

ஏனம்மா என்று கேட்டேன்.

"அது மட்டும் இன்னும் இருக்கு ஐயா. செம்பனைக்குள்ள. பாட்டி கூட்டிட்டுப் போயி காட்டுனாங்க."